ஆலாவுக்கு ஒரு மெத்தை

மூன்றாம் மாடிச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, ஏசி பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் வெள்ளை ஆலா என்னும் கடற்பறவை ஒன்று முட்டையிட்டிருந்தது. ஒரே முட்டை. கூடு என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லை.

சட்டத்தைப் பொருத்தியது வீட்டுக்காரர்தான். ஏசி மெக்கானிக். பொருத்தும்போது சுத்தியல் தவறி அதில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. ஊரார் வீட்டு வேலை கச்சிதம், சொந்த வீட்டு வேலை கோணல் என்று மனைவி சொல்லிக்காட்டாத நாளில்லை. முட்டை கிடந்தது அந்தப் பள்ளத்தில்தான்.

அவள் தையல்காரி. கண்ணைச் சுற்றி மை அப்பிய அந்தப் பறவையைப் பார்த்ததிலிருந்து தையல் மெஷினில் அவள் கால் தங்கவில்லை.

"ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி அடைகாக்குதுங்க. ஒரு கூடு கட்டத் துப்பில்லை பாருங்க. காத்தடிச்சா முட்டை உருண்டுடும்."

"கடல்ல மீன் பிடிக்கிறவங்களுக்குக் கட்டட வேலை எதுக்கு? சும்மா விடும்மா."

விட்டாளா? மீந்த வெல்வெட்டில் பஞ்சு அடைத்து, விளிம்பு உயர்த்தி, ஒரு குட்டி மெத்தை தைத்தாள். அவள் ஜன்னலைத் திறந்ததும் ஆலா விருட்டென்று பறந்தது. பள்ளத்துக்கு ஒரு சாண் தள்ளி மெத்தையை வைத்து, முட்டையை அதில் இட்டு, ஜன்னலைச் சாத்தினாள்.

ஆலா திரும்பி வந்தது. மெத்தையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் பள்ளத்துக்குப் போய், வயிற்று இறகை உப்பவைத்து, வெறும் இரும்பை அடைகாக்க உட்கார்ந்தது. பக்கத்தில் வெல்வெட்டில் முட்டை அநாதையாகக் கிடந்தது. வெயில் அதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க! ஓடி வாங்க!"

முகத்தில் பாதி சோப்போடு வந்தவர் சிரித்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இருந்தது ஒரே முட்டை. அதையும் நானே கெடுத்துட்டேன்."

"இன்னும் கெடல. எடுத்த எடத்துலயே வை."

அவள் மெல்லக் கை நீட்டினாள். ஆலா தத்தி ஏசி பெட்டி மேல் ஏறியது. அளவெடுத்துத் தைத்ததுபோல் முட்டை பள்ளத்தில் பொருந்தியது. மெத்தையை எடுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். இரண்டு பேரும் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

ஆலா இறங்கியது. அலகால் முட்டையை ஒருமுறை தொட்டது. உட்கார்ந்தது.

"இப்ப சொல்லு, அந்தப் பள்ளம் யாரோட வேலை?"

"உங்களோடதுதான் சாமி. முதல்ல சோப்பைக் கழுவுங்க."

அன்றிலிருந்து ஏசி மெக்கானிக் வீட்டில் ஏசி ஓடவில்லை. வெல்வெட் மெத்தையைத் தையல் ஊசி குத்திவைக்க அவள் வைத்துக்கொண்டாள். குஞ்சு பொரிந்தபோது உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதங்கள், கொக்கி மாதிரி நகங்கள். சூறைக்காற்றடித்த அன்று அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. குஞ்சோ நகங்களால் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, அம்மா அலகில் குறுக்காக வரிசை கட்டி எடுத்துவந்த பொடிமீனை ஒவ்வொன்றாக வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தது.

குஞ்சு பறந்துபோன பிறகு அவர் சுத்தியலோடு வந்தார்.

"நீ சொல்லிட்டே இருந்தியே, அந்தப் பள்ளத்தை நிமித்திடறேன்."

"கை வெச்சுத்தான் பாருங்களேன்!" என்றாள். "அதுங்க திரும்பி வந்தா எங்க உட்காரும்?"