கூப்பிட்டதும் பேசியதும்

எங்கள் ஓட்டலின் இஸ்திரி அறையில்தான் ஊழியர்களுக்கு ஸ்பானிய வகுப்பு. மதியம் மூன்று மணிக்கு, சூடு ஆறாத வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே ஆறு பேர் உட்கார்ந்து கொட்டாவி விடுவோம். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கும். பாதித் தூக்கத்தில் கேட்கும்போதுதான் அந்த மொழி எனக்குப் பிடித்திருந்தது.

வாத்தியாரம்மாவுக்கு ஒரே சட்டம்: நிஜமாகச் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். பொய் வாக்கியம் நாக்கில் ஒட்டாதாம். சமையற்காரர் 'உழைத்திருக்கிறேன்' என்று ஆரம்பித்து, நாங்கள் சிரித்த சிரிப்பில் 'தூங்கியிருக்கிறேன்' என்று மாற்றிக்கொண்டார்.

வாத்தியாரம்மா எழுதித் தந்த என் துண்டுச் சீட்டில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. 'ஏ யாமாதோ', கூப்பிட்டிருக்கிறேன். 'ஏ அப்லாதோ', பேசியிருக்கிறேன்.

"வீட்டு ஆளு ஒருத்தரைச் சேர்த்துச் சொல்லுங்க," என்றார் வாத்தியாரம்மா.

என் வாயில் தங்கைதான் வந்தாள்.

"எதையாவது சொல்லுங்கக்கா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே," என்றாள் பக்கத்திலிருந்த வரவேற்பறைப் பெண்.

எனக்கு இரண்டும் ஒன்றில்லை. அம்மா இறந்தபோது லீவு கிடைக்காமல் ஒரு நாள் பிந்திப் போனேன். "விருந்தாளி மாதிரி வந்திருக்கே," என்றாள் தங்கை. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு வருடம் அவளோடு பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வீம்பில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாளைக்கு அவளுக்கு ஆபரேஷன். சித்தி சொன்னதிலிருந்து மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன், ஒரு தடவை மணி அடித்ததும் போனை வைத்துவிடுகிறேன்.

"தங்கையை... ஏ யாமாதோ," என்றேன்.

"நல்லது. என்ன சொன்னாங்க?"

விரிப்புகளின் வெண்மை கண்ணுக்குள் கரைந்து மிதந்தது. எழுந்து படிக்கட்டுக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை வைக்கவில்லை.

"அக்கா," என்றாள், எடுத்தவுடனே. "ஒரு மணி அடிச்சு அடிச்சு நின்னுச்சே! திரும்பக் கூப்பிட்டா எடுக்க மாட்டியோன்னு போனையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன்."

"நாளைக்கு ஆபரேஷனை நெனச்சா பயமா இருக்காடி?"

"ரொம்ப. வர்றியா?"

"இன்னைக்கே வர்றேன். இந்தத் தடவை முந்தியே வந்துடறேன்."

அவள் அழுதாள். நானும்தான்.

உள்ளே போய் நின்றுகொண்டே, "ஏ அப்லாதோ," என்றேன். மூக்கடைப்பில் உச்சரிப்பு கோணிப்போனது. வாத்தியாரம்மா திருத்தவில்லை.

பிறகு மேனேஜர் அறைக்குப் போனேன். லீவு கேட்கவில்லை, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.