கை காட்டாத பள்ளம்

பதினோராவது கொண்டை ஊசி வளைவில், தன் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால், தங்கை ஏதோ பாட்டை முணுமுணுப்பது பெரியவளுக்குக் கேட்டது. அந்த ஏற்றத்தில் பேச மூச்சு இருப்பதே பெரிய விஷயம். இவளுக்குப் பாட மூச்சு இருக்கிறது! பெரியவள் அப்போதுதான் கடைசி கியருக்கு இறக்கியிருந்தாள். அதற்குக் கீழே கியர் இல்லை, கடவுள்தான் இருந்தார். மூக்கு நுனியில் நின்ற வியர்வை ஹேண்டில்பாரில் இருந்த மீட்டர் மேல் சொட்டியது. மணிக்கு ஏழு கிலோமீட்டர். யாராவது நடந்து வந்தால் அவருக்கு வழிவிட வேண்டியிருக்கும்.

"நல்லா போறேக்கா. இன்னும் ரெண்டே வளைவுதான்."

"எனக்கும் எண்ணத் தெரியும்டீ."

"ஒரு பேரீச்சம்பழம் தரட்டுமா?"

வேண்டாம் என்று சொல்வதற்கும் மூச்சு செலவாகும். பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள். சின்னவள் அதை வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து, ஓட்டிக்கொண்டே கொட்டையை எடுத்துவிட்டு நீட்டினாள். கொட்டையை எடுத்துவிட்டு! பெரியவள் அதை வாயில் போட்டுக்கொண்டாள். தித்திப்பு தொண்டையில் இறங்க, வயிறு எரிந்தது.

சைக்கிள் கிளப்பின் நான்கு நாள் பயிற்சிப் பயணத்தில் அது இரண்டாம் நாள். பன்னிரண்டு பேர், மூன்று மலை, நானூற்று இருபது கிலோமீட்டர். தண்ணீரும் உபரிச் சக்கரங்களும் ஏற்றிக்கொண்டு பின்னால் ஒரு வேன் வந்தது. முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம், ஆனால் ஏறினவரை அடுத்த ஒரு வருஷத்துக்குக் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து ஆயிரம் கிலோமீட்டர் நெடும்பயணம் ஒன்று இருந்தது. கிளப்பிலிருந்து நான்கு பேர் போகலாம். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது யார் என்பதை இந்த மலைகளில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கேப்டன் சொல்லியிருந்தார். பார்த்துவிட்டுச் சொல்ல என்ன இருக்கிறது? ஆறு வருஷமாக அந்த நான்காவது ஆள் பெரியவள்தான்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள், வேறென்ன. சின்னவள் வேலை பார்த்த அச்சகத்தை இழுத்து மூடியபோது, அவள் எட்டு மாதம் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. தலை வாருவதில்லை, போனை எடுப்பதில்லை. "நீ பெரியவதானே, ஏதாவது பண்ணேன்" என்று அம்மா அழுதாள். பொம்மையை விட்டுக்கொடுத்த காலத்திலிருந்து கேட்டுப் பழகின வசனம்தான் அது. பெரியவள் தன் பழைய சைக்கிளைத் துடைத்து, சீட்டை இரண்டு விரல் இறக்கி, தங்கையை இழுத்துக்கொண்டு வந்தாள். அதில் சத்தியமாகக் கள்ளம் கிடையாது. இதெல்லாம் நடந்து பதினான்கு மாதம் இருக்கும். மூன்றாம் மாதமே கிளப்பில் சின்னவளுக்கு 'ராக்கெட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதுவும் அந்தப் பழைய சைக்கிளில்! புதிதாக ஒன்று வாங்கித் தொலைத்திருந்தால், வண்டி நல்ல வண்டி என்றாவது சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். தங்கை வருவதற்கு முன்னால் கிளப்பில் எல்லோரும் பெரியவளை 'எஞ்சின்' என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் வந்து வாய்க்கு வாய் அக்கா, அக்கா என்றாள். மெதுவாக எல்லோருக்கும் அது தொற்றிக்கொண்டது. கூட ஓட்டுகிற பேங்க்காரர் அக்கா என்றார். கேப்டனுக்கு ஐம்பத்தைந்து வயது, பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார், அவரும் அக்கா என்றார். பெரியவளுக்கு நாற்பத்து மூன்று. ஒரே வருஷத்தில் எஞ்சின் கழன்று போய் அக்கா மட்டும் மிச்சமாகிவிட்டாள்.

அன்று சாயங்காலம் தங்கும் விடுதியின் பின்புறக் குழாயில் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர்களின் பேச்சு கேட்டது. கேப்டனின் குரல், பிறகு தங்கையின் குரல்.

"ரெண்டு மாசம் கழிச்சு ஒரு வாரம் லீவு கிடைக்குமா, ராக்கெட்?"

"எதுக்கு சார்?"

"சும்மா கேட்டு வையேன்."

"அக்கா போறாங்கல்ல சார், நான் எதுக்கு?"

"அக்கா நல்லா ஓட்டுவாங்க. யார் இல்லேன்னா? வயசுன்னு ஒண்ணு இருக்கில்ல."

குழாயில் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, வழிந்து, அவள் காலை நனைத்துக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை. மூடினால் தான் இங்கே நிற்பது தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் காலை முழுக்க நீளமான, லேசான இறக்கம். இந்த மாதிரி இடத்தில் வரிசையாக, சக்கரத்துக்குச் சக்கரம் ஒட்டி ஓட்டுவார்கள். முன்னால் இருப்பவர் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்வார், பின்னால் வருபவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஆனால் பின்னால் வருபவருக்கு ரோடு தெரியாது. முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். அதனால் பள்ளம் வந்தால் முன்னவர் கையை இறக்கி விரலால் காட்டிக் கத்த வேண்டும். கிளப்பில் இருக்கிற ஒரே சட்டம் அதுதான். பழக்கிய முதல் வாரத்தில் பெரியவளே தங்கையிடம் சொல்லியிருந்தாள்: "ரோட்டப் பாக்காதே, பயந்துடுவே. என் கையப் பாரு. அது போதும்." அன்றிலிருந்து சின்னவள் அந்தக் கையைத்தான் பார்த்து ஓட்டினாள்.

பெரியவள் முன்னால் இருந்தாள். தங்கை பின்னால். மற்றவர்கள் ஒரு வளைவு தள்ளி வந்துகொண்டிருந்தார்கள். மணிக்கு நாற்பதில் ஒரு சின்னப் பாலம் வந்தது. பாலம் முடிந்து ரோடு தொடங்கும் இடத்தில், ஒரு முறம் அகலத்துக்குத் தார் பெயர்ந்து கிடந்தது. பெரியவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பின்னால் தங்கை மறுபடி அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வயசுன்னு ஒண்ணு இருக்கில்ல. இடுப்பை லேசாகச் சாய்த்துப் பெரியவள் பள்ளத்தை விலகிப் போனாள். கை எழவில்லை. மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வருஷக்கணக்காகத் தானாக எழுந்து பழகின கை அது. அவள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

டம் என்று ஒரு சத்தம். அப்புறம் சரசரவென்று புல். பெரியவள் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் ரோட்டோரப் புல்லில் சைக்கிளோடு கிடந்தாள். முன்சக்கரம் கோணியிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்று, மண்ணும் ரத்தமுமாக இருந்தது. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு அக்கா ஓடினாள். பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டாய்!

"நீ விழலையேக்கா?" என்றாள் தங்கை, படுத்தபடியே.

"எனக்கு ஒண்ணும் இல்லடீ. தலை, தலைல பட்டுதா?"

"இல்ல. பள்ளம் உனக்குத் தெரியலையாக்கா?"

கேள்வியிலேயே பதிலும் இருந்தது. அதை எடுத்துக்கொள்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

"தெரியல," என்றாள் பெரியவள்.

வேன் வந்தது, சக்கரம் மாற்றினார்கள், காயத்தைக் கழுவிக் கட்டினார்கள். கட்டுப்போட்டது கிளப்பில் இருந்த பல் டாக்டர்; நல்லவேளை, வாயைத் திறக்கச் சொல்லாமல் விட்டாரே என்று எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க அவள் பார்வை அக்காவின் முகத்தை விட்டு அகலவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

சாயங்காலம் விடுதி முற்றத்தில் கேப்டன் வந்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தங்கை அவர் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ராக்கெட் ரொம்பக் கவலைப்படுது. காலைல அவ்வளவு பெரிய பள்ளம் உங்களுக்குத் தெரியவே இல்லையாமே."

"ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறாங்க சார், தன் கண்ணப் பாத்துக்க மாட்டேங்கறாங்க," என்றாள் சின்னவள்.

பெரியவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில். கண் பரிசோதித்து, லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிற வேலை. நாற்பதுக்கு மேல் மங்குவது பக்கத்தில் இருப்பதைப் பார்க்கிற பார்வைதான், ஊசியில் நூல் கோக்கத்தான் முடியாமல் போகும், தூரத்துப் பள்ளம் தெரியாமல் போகாது என்பது அந்த முற்றத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கேப்டன் எதிர்ச்சரிவைக் காட்டினார். வளைவில் ஒரு போர்டு இருந்தது.

"அதுல என்ன எழுதியிருக்கு, படிங்க பாப்போம்."

'மெதுவாகச் செல்லவும்.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'கனரக வாகனங்கள் கவனம்.' அதற்கும் கீழே எவனோ கரியால் ஒரு பெண் பெயரைக் கிறுக்கி வைத்திருந்தான். அத்தனையும் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. படித்துவிடலாம். படித்தால் நான்காவது இடம் இன்னும் போட்டியில் இருக்கும். படித்தால், அப்புறம் ஏன் கை காட்டவில்லை?

கடையில் பொய் சொல்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கண்ணாடி ஆசையில் வருகிற பிள்ளைகள் பெரிய எழுத்தையே தப்பாகப் படித்து மாட்டிக்கொள்ளும். நிஜமாகத் தெரியாதவர்கள் முதலில் கண்ணைச் சுருக்குவார்கள். அவள் கண்ணைச் சுருக்கினாள்.

"மெது... மெதுவாக. அதுக்கு மேல தெரியல சார்."

கேப்டன் பெருமூச்சு விட்டார். "இந்தத் தடவை விட்டுடுங்க அக்கா. கண்ண சரி பண்ணிட்டு அடுத்த வருஷம் பாக்கலாம். நாளைக்கு இறக்கத்துல மட்டும் வேன்ல உக்காந்துக்கோங்க."

வேனா! பெரியவள் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"வேண்டாம் சார். அக்கா என் பின்னாடி வரட்டும். ஒவ்வொண்ணா சொல்லி நான் கூட்டிட்டு வர்றேன். எனக்கு எல்லாம் கத்துக்குடுத்ததே அவங்கதானே."

நான்காம் நாள், கடைசி மலை இறக்கம். கட்டுப்போட்ட கையோடு சின்னவள் முன்னால் போனாள். பள்ளத்துக்குக் கை காட்டினாள், கல்லுக்குக் காட்டினாள், காய்ந்த இலைக்கும் மரத்தின் நிழலுக்கும் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் காயம் இழுக்க, தோளைக் குலுக்கிக்கொண்டாள். "பள்ளம்க்கா! இடதுல கல்லு! ஈரம்க்கா, மெதுவா!" பின்னால் வந்தவர்கள், எறும்பை விட்டுட்டியே ராக்கெட் என்று கத்திச் சிரித்தார்கள். தங்கை சொல்வதற்கு வெகு முன்னாலேயே பார்த்துவிட்ட பள்ளங்களுக்கெல்லாம் பெரியவள், "சரி, சரி" என்று பதில் சொல்லிக்கொண்டு போனாள். சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு வளைவிலும் தோன்றியது. அடுத்த வளைவில் சொல்லலாம் என்று விட்டாள். இவ்வளவு பாசத்தை இவள் எங்கே வைத்திருக்கிறாள் என்பதை நினைத்தால் அதற்கும் பொறாமையாக இருந்தது.

ஒரு நீண்ட வளைவின் தொடக்கத்தில், அக்கா வருகிறாளா என்று சின்னவள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு முன்னால், ஐம்பது அடியில், ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன ஜல்லி ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதைத் தாண்டித் தடுப்புச் சுவர் உடைந்திருந்தது.

"முன்னாடி பாருடீ! ஜல்லி! வலது, வலது பக்கம் போ!"

கத்தின பிறகுதான் தன் குரலே அவளுக்குக் கேட்டது. சின்னவள் சட்டென்று திரும்பி, உடம்பைச் சாய்த்து, ஜல்லியின் ஓரத்தை அரை சாண் இடைவெளியில் தாண்டினாள். இரண்டு பேரும் தாண்டினார்கள். சின்னவள் பிரேக்கை லேசாகப் பிடித்து, தாண்டி வந்த இடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சாம்பல் நிற ரோட்டில் சாம்பல் நிற ஜல்லி, அதுவும் மரநிழலில். நல்ல கண் உள்ளவர்களுக்கே கிட்டத்தில் வந்தால்தான் தெரியும். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள். அவ்வளவுதான். முன்னால் திரும்பிக்கொண்டாள்.

பெரியவளுக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை காற்றில் படபடத்தது. மிதிக்காமலே இரண்டு சைக்கிள்களும் டிக் டிக்கென்று ஓடின. பின்னால் சிரிப்புச் சத்தம் நெருங்கி வந்தது. தூரத்தில் ரோட்டின் நடுவில் ஒரு பள்ளம் தெரிந்தது, பெரிய பள்ளம். சின்னவளின் கட்டுப்போட்ட கை ஹேண்டில்பாரை விட்டுப் பாதி எழுந்தது. காற்றில் கொஞ்சம் நின்றது. திரும்பப் போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டது. அவள் பள்ளத்தை விலகிப் போனாள். பெரியவளும் தானே பார்த்து விலகினாள்.