எல்லாம் ஜனவரி ஒன்று

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கேமரா வாங்கப் போன அன்று கடைக்காரர் கழுத்தில் மாட்டுகிற பெரிய கேமராக்களாக எடுத்து அடுக்கினார். இவர் எதையும் தொடவில்லை. சோப்புக் கட்டி அளவில் ஓரமாகக் கிடந்த ஒன்றைச் சட்டைப் பையில் போட்டு, குனிந்து நிமிர்ந்து பார்த்தார். விழவில்லை. "இதுதான்" என்றார். கடைக்காரர் பெரிய கேமராக்களைத் திரும்ப உள்ளே அடுக்கினார்.

அதோடு பதினோரு வருடம் கட்டடங்களின் உச்சிக்கு ஏறினார். மோட்டார் அறைகளின் சின்ன ஜன்னல் வழியே மேகம், கொடியில் காயும் போர்வை, தண்ணீர்த் தொட்டிமேல் தூங்கும் பூனை. எல்லாவற்றையும் ஒரு இணையதளத்தில் ஏற்றினார். வீட்டில் வேறு பிரதி கிடையாது. எட்டு மாதத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்தார். இப்போது அந்தத் தளத்தையும் மூடுகிறார்கள். இரண்டு புதிய தளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நேராக மாற்றித் தருவார்களாம். இன்று மாலை ஆறு மணியோடு மீதி அழிந்துவிடும். மொத்தம் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் லேப்டாப்போடு வந்திருந்தாள்.

"அண்ணி, இந்த முதல் தளத்துல போடுவோம். தேதிவாரியா அடுக்கும். ஒண்ணுபோல இருக்கறதை அதுவே கழிச்சிடும். எங்க அண்ணன் ஒரே மேகத்தை நாப்பது தடவை எடுத்தவராச்சே!"

"உங்க அண்ணனுக்கு அது நாப்பது மேகம்டி."

சோதனைக்கு இருநூறு படங்களை அனுப்பினார்கள். முப்பத்தொன்றுதான் போய்ச் சேர்ந்தது. அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

நாத்தனார் தேதிகளைத் திறந்து பார்த்தாள். ஜனவரி ஒன்று, பகல் பன்னிரண்டு. அடுத்ததும் ஜனவரி ஒன்று. அதற்கடுத்ததும்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நிறுத்திய லிஃப்டின் மின்சாரத்தைத் துண்டித்துப் பழகிய கை அவருடையது. வீட்டுக்கு வந்ததும் கேமரா பேட்டரியையும் கழற்றி வைத்துவிடுவார். "தூங்கற மெஷினுக்குக் கரண்ட் எதுக்கு?" என்பார். மறுநாள் படம் எடுக்கும் நேரத்தில்தான் மாட்டுவார்; அப்போது கேமரா தேதி கேட்கும். பார்க்காமலே கட்டை விரலால் சரி என்று அமுக்குவார். கடிகாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரே நிமிடத்தில் எடுத்ததாகக் காட்டியதெல்லாம் ஒரே படம் என்று தளம் நினைத்துவிட்டது.

"தேதியைத் திருத்திட்டு அனுப்பினா?" என்றாள் நாத்தனார்.

"மூவாயிரத்துக்கும் மேல. மணி நாலே முக்கால். இன்னொண்ணு எப்படி?"

"அது ஏத்தின வரிசைல அப்படியே வைக்கும். ஆனா மூஞ்சியப் பாருங்க, மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு."

"நீ என்ன கட்டிக்கவா போறே? எதையும் கழிக்காதில்ல?"

"கழிக்காது."

"அப்ப அதுவே போதும். அனுப்பு."

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் மிதந்து வரத் தொடங்கின. ஒரே நண்பகலில் மழை கொட்டியது, வெயில் அடித்தது, வீட்டுக்கு எதிர் மனை அஸ்திவாரத்திலிருந்து எழும்பி ஆறு மாடியாகி, ஜன்னல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் தலை கறுத்திருந்தது, நரைத்தது, சாயத்தில் மறுபடி கறுத்தது. ஒரு கண்ணாடிக் கதவில் அவர் நிழல் கேமராவைப் பிடித்தபடி நின்றது. யாருக்கும் எங்கேயும் போகும் அவசரமில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டவே இல்லை.

ஐந்து ஐம்பதுக்குக் கடைசிப் படமும் வந்து சேர்ந்தது.

"லீவு நாள்ல உக்காந்து தேதியெல்லாம் சரி பண்ணித் தரேன், அண்ணி."

"வேண்டாம் விடு. எனக்கும் அந்தப் பதினோரு வருஷம் ஒரு நாள் மாதிரிதான் போச்சு."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தூசி" என்றாள்.

ஆறு மணிக்குப் பழைய தளத்தைத் திறந்து பார்த்தார்கள். வெறும் வெள்ளை. புதியதில் இன்னும் மழை பெய்துகொண்டிருந்தது.