தையலுக்கு விட்ட கால் இன்ச்

தேஜஸ்ரீ சுட்ட கடைசிப் பத்துக் குண்டும் குறி அட்டையின் இடது பக்கமாகவே போய் விழுந்திருந்தன. ஏழு, எட்டு, திரும்பவும் ஏழு, ஓர் ஆறு. மிச்சத்தைப் பார்க்க அவள் அப்பா அருள்செல்வனுக்குத் தெம்பில்லை. ஷிப்மென்ட் என்று இரண்டு நாளாக மண்ணரையில் இருக்கும் பனியன் கம்பெனியிலேயே கிடந்துவிட்டு, குளிக்காமல்கூட நேரே பயிற்சிக் கூடத்துக்கு வந்திருந்தான். வெள்ளிக்கிழமை மாநிலப் போட்டி. கிளப்பின் பழைய ஏர் பிஸ்டலில் ஒன்பதும் பத்துமாகச் சுட்ட பெண், அவன் வாங்கிக் கொடுத்த புதுசில் பத்து நாளாக இப்படித்தான் தடுமாறுகிறாள். பழையதும் இனி கிடைக்காது. வெள்ளிக்கிழமைக்கு அதை வினிதா என்ற பெண்ணுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

இந்தப் புது பிஸ்டலைத் தேர்ந்தெடுக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒன்று எடை குறைவு, தூக்கினால் சுகமாக இருந்தது, ஆனால் நுனி ஆடியது. இன்னொன்று முன்பக்கம் கனம். தேஜஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவாள், கண்ணைத் திறந்து குறி நேராக நிற்கிறதா என்று பார்ப்பாள், கீழே வைப்பாள். ஒரு மத்தியானம் பூராவும் அப்படிச் செய்துதான் கனமானதைச் சொன்னாள். கைப்பிடி மட்டும் அவரவர் கை அளவுக்கு வரவழைக்க வேண்டும். கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து கொடுங்கள் என்றாள் பயிற்சியாளர் தரணி. அருள்செல்வனுக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. இருபது வருஷமாகத் துணி வெட்ட அளவு வரைந்து கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டர், அளவெடுக்க அவனுக்கா சொல்லித்தர வேண்டும்.

இப்போது எழுந்து மகளிடம் போனான்.

"என்ன கண்ணு, துப்பாக்கி சேரலையா?"

"துப்பாக்கி நல்லாத்தானுங்கப்பா இருக்குது. என்ற கைதான் சரியில்லீங்க."

குண்டு இல்லை என்று காட்டிவிட்டு மேஜைமேல் வைத்தாள். கைப்பிடியைச் சுற்றி பனியன் துணியைப் பட்டையாகக் கிழித்துக் கட்டியிருந்தாள். அதை அவிழ்த்துவிட்டு அவளைப் பிடிக்கச் சொன்னான். உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே அவனுடைய சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அன்றைக்குக் காகிதத்தில் அவள் கையைச் சுற்றி ஒரு கோடு. அதற்கு வெளியே தையலுக்கும் சுருக்கத்துக்கும் கால் இன்ச் விட்டு இன்னொரு கோடு. உள்கோட்டை அழித்துவிட்டு வெளிக்கோட்டைக் கொடுத்திருந்தான். அன்றைக்கும் இரவு வேலை முடித்து வந்த தூக்கக் கலக்கத்தில் கை தன்பாட்டுக்குச் செய்த வேலை.

"வரையறப்பவே பாத்தனுங்க," என்றாள் தேஜஸ்ரீ.

"பாத்துப்போட்டு ஏஞ் சாமி சொல்லல?"

"வளர்ற கைக்குன்னு நெனச்சனுங்க. யூனிபாரமெல்லாம் நீங்க அப்படித்தானுங்களே எடுப்பீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை, அதனாலேயே அவனுக்கு அவமானமாக இருந்தது. பன்னிரண்டு வருஷமும் மடித்துத் தைத்த பாவாடையோடு இந்தப் பெண் பள்ளிக்கூடம் போனது நினைவுக்கு வந்தது. ஊருக்கெல்லாம் அளவு வெட்டுகிறவன் வீட்டில் அளவான துணி ஒன்றுகூட இருந்ததில்லை.

தரணி அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. மரத்துக்குப் பூசும் பட்டி டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். "புடியில பூசி, அப்பிடியே இறுக்கிப் புடிக்கச் சொல்லுங்க. கை அச்சு விழுந்துரும். போட்டிக்கு இதெல்லாம் விடுவாங்க. நல்லாக் காய ரெண்டு நாளு ஆகும்ங்க."

இன்றைக்குச் செவ்வாய்.

பட்டியைப் பிசைந்து கைப்பிடியில் அப்பினான். தேஜஸ்ரீ விரல் ஒவ்வொன்றாக மடக்கி இறுக்கி, கையை நீட்டினாள். விரலிடுக்குகளில் பிதுங்கியதை அவன் வழித்து எடுத்தான்.

"இது காஞ்சா சுருங்குமுங்களா?" என்று தரணியிடம் கேட்டான்.

"லேசா சுருங்கும்ங்க," என்றாள் தரணி.

அவன் மகளைப் பார்த்தான். அவள் குறியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நீட்டிய கை கொஞ்சமும் ஆடவில்லை. வழித்தெடுத்த பட்டியைச் சுருக்கத்துக்கென்று திரும்ப வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவன் அவள் பக்கத்திலேயே நின்றான். விரல் நுனியில் அது மெல்ல இறுகிக்கொண்டிருந்தது.