அக்காவின் தாடைத் தழும்பு

1

இந்தக் கதை இன்று காலை ஒரு தாடையிலிருந்து பிறந்தது. யாருடைய தாடை என்று இப்போதைக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் வீட்டில் ரகளைதான்.

"நிலவைப் பழிக்கும் முகமும் மருண்ட மான்விழியும் கொண்ட அவள்—"

(அடித்துவிட்டேன். அவள் பேருந்து ஓட்டுகிறவள். அவள் மருண்டால் வண்டி பள்ளத்தில்தான் நிற்கும்.)

2

மறுபடியும் தொடங்குகிறேன். வயது நாற்பத்தாறு. கண்ணுக்குக் கீழே பை, மேலுதட்டில் பூனைமுடி, தாடையில் அரை அங்குலத் தழும்பு. படம் எடுத்தவள் அவளுடைய தங்கை. பத்திரிகை அட்டையில் வருவதெல்லாம் பெண்களே இல்லை, மெழுகு பொம்மைகள் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவள். தன் புகைப்படக் கண்காட்சிக்கு அவள் வைத்த பெயர் 'உள்ளது உள்ளபடி'. இருபது பெண்கள். ஒரு பருவைக்கூடத் தொட்டுத் திருத்தவில்லை.

"வயித்த உள்ள இழுக்கட்டுமாடி?"

"மூச்ச விடுக்கா. வயிறு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

"சிரிச்சா பல்லு தெரியும். அப்புறம் என்னைக் கேக்காத!"

சிரித்தாள். அறையே அதிர்ந்தது. (அறை அதிரவில்லை, நான்தான் அதிர்ந்தேன். மன்னிக்கவும், தங்கைதான் அதிர்ந்தாள்.)

3

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை, அக்கா வேலை உடுப்போடு அரங்குக்கு வந்து, சுவரில் தன் ஆளுயரப் படத்தைப் பார்த்தாள். தாடையைத் தடவிக்கொண்டாள்.

"என் தழும்பு எங்கடி?"

"அது வந்து... வெளிச்சத்துல..."

"பூனைமுடி ஒண்ணு விடாம தெரியுது. தழும்பு மட்டும் வெளிச்சத்துல போயிடுச்சா? ஊருக்குத்தான் உபதேசமா? என் படத்தைக் கழட்டு. சாயங்காலம் வந்து பாப்பேன்."

போய்விட்டாள்.

(வாசகருக்கு ஒரு குறிப்பு. தழும்பைக் கணினியில் அழித்தது தங்கையேதான். எட்டு வயதில் மாடிப்படியில் தானே தடுக்கி விழுந்ததாக அக்கா இன்றுவரை நம்புகிறாள். பின்னால் நின்ற ஆறு வயதுத் தங்கையின் கை அவள் முதுகில்—)

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

4

முதல் முடிவு: தங்கை உண்மையைச் சொல்கிறாள். "தெரியும்டி, லூசு" என்று அக்கா சிரிக்கிறாள். (இது என் ஆசை. இதுவும் மெழுகு பூசியதுதான்.)

இரண்டாவது: தழும்போடு புதுப் படம் மாட்டி, வாயை மூடிக்கொள்கிறாள். அக்கா மன்னித்துவிடுகிறாள், எதை மன்னித்தோம் என்று தெரியாமலே. (சீ!)

மூன்றாவது என் கையில் இல்லை. பழைய படத்தைக் கழற்றியாயிற்று. தழும்போடு புதுப் படம் கீழே சாய்ந்திருக்கிறது. படக்குறிப்பு ஒட்டவேண்டிய இடத்தில் இந்தத் தாளைத்தான் ஒட்டியிருக்கிறேன்.

அக்கா, இதுவரை படித்துவிட்டாய். நான்தான் தள்ளினேன்.

ஆணி, சுத்தியல் எல்லாம் உன் காலடியில். மாட்டுவதானால் மாட்டு, இல்லை திரும்பிப் போ. கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறேன், இந்தமுறை இரண்டு கையையும் கட்டிக்கொண்டு.