ஏழு இடத்தில் அளந்த ஏரி

எங்கள் பூங்காவின் செயற்கை ஏரி கடல் ஒன்றும் இல்லை. இக்கரையில் வாத்து தும்மினால் அக்கரையில் உட்கார்ந்திருப்பவர் துண்டு தேடுவார். அதில் ஒரு விரற்கடை தண்ணீர் குறைந்ததை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான். நாற்பது வருஷம் சர்வேயராக நிலம் அளந்த கண்ணுக்கு அது தப்புமா?

"வெயிலுக்கு வத்தியிருக்கும்," என்றாள் மனைவி.

"திருட்டுடி இது. தோட்டக்காரன் வேலை. நான் கிட்டப் போனா விசிலடிக்கறதை நிறுத்திடறான்."

"ஊரையே சந்தேகப்படறீங்க. கண்ணாடியில தெரியற ஆளை மட்டும் விட்டுட்டீங்க."

மறுநாளே துப்புத் துலக்க இறங்கினேன். ரப்பர் அளவை மழுப்பும் என்று கைத்தடி நுனியின் ரப்பர் மூடியைக் கழற்றி வீசினேன். இரும்பு முனை ஏரியின் அடித்தரையில் 'நச்' என்று தட்டும்வரை ஊன்றி, ஈரம் ஏறிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஒரே இடத்தில் அளந்தால் அது அளவா? தினமும் அதே ஏழு இடம். முதல் வாரம் இரண்டு விரல் குறைவு, அடுத்த வாரம் நாலு, மூன்றாம் வாரம் ஒரு முழுச் சாண்! நான் அளக்க அளக்கத் திருடனுக்குத் துணிச்சல் ஏறியது.

பூங்கா அதிகாரி அம்மாவிடம் புகார் கொடுத்தேன். "திங்கக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்," என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டார் அவர்.

"இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க சார் போவேன்?" என்றார் தோட்டக்காரர் என்னிடம். நடிப்பு, என்று எனக்குள் முடிவு கட்டினேன்.

ஞாயிறு காலை, முழங்கால் தண்ணீரில் நின்று அவர் காலால் தரையைத் துழாவுவதைக் கண்டு ஓடினேன்.

"தண்ணி நிக்கறதுக்குன்னு அடியில ஷீட்டு விரிச்சிருக்கு சார். அதுல ஓட்டை."

"எத்தனை?"

"ஏழு. கரையோரமா, வரிசையா."

அவர் என் கைத்தடியின் நுனியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாங்கி, ஓர் ஓட்டைக்குள் விட்டார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

தடியைத் திருப்பிக் கொடுத்தவர், "பெருச்சாளியா இருக்கும் சார்," என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

திங்களன்று அதிகாரி அம்மா வந்ததும் தோட்டக்காரர் அதையே சொன்னார். அம்மா நம்பவில்லை. "ஷீட்டு விரிச்ச இடத்துல பெருச்சாளியா? எனக்கே காது குத்தறியா? சாவியை வெச்சுட்டுக் கிளம்பு."

தோட்டக்காரர் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை அவிழ்த்தார்.

"பெருச்சாளிதாம்மா," என்று முன்னால் போய்த் தடியை நீட்டினேன். "அதுக்கு அறுபத்தெட்டு வயசு. பென்ஷன் வாங்குது."

சாவி இடுப்புக்குத் திரும்பியது. இப்போது முழங்கால் தண்ணீரில் நான் ஒட்டுத் துண்டைப் பிடிக்கிறேன், அவர் பசை தடவுகிறார். நான் பக்கத்தில் இருந்தும் விசிலை நிறுத்துவதில்லை.

ஆனால் ஓட்டை ஏழுதானே? எட்டாவது ஒட்டு எதற்கு வெட்டி வைத்திருக்கிறார்? விசாரிக்க வேண்டும். என் தடி எங்கே?