நாருக்குள் வெள்ளி

ராக்கம்மாளின் கைக்கு வாழைநார் சொன்னபடி கேட்கும். பகலெல்லாம் சோழவந்தான் பக்கத்துக் கொடிக்காலில், நனைத்த நாரால் வெற்றிலைக் கொடிகளை அகத்தியோடு சேர்த்துக் கட்டுவாள். வேலை விட்டு வந்ததும் அதே நாரைத் திரித்து, மேலே வெள்ளிக் கம்பியை நெருக்கிச் சுற்றி அட்டிகை செய்வாள். பார்வைக்கு முழு வெள்ளி, கழுத்துக்குப் பூ மாதிரி. மேலத்தெருப் பெண்கள் ஆள்விட்டுக் கேட்டு வாங்கினார்கள்.

அவள் தெருப் பெண்கள் மட்டும் வெள்ளி போடக் கூடாதாம். ஊர்க்கட்டுப்பாடு. யார் போட்ட கட்டுப்பாடு என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மீறினால் என்ன நடக்கும் என்பது மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். முன்பு ஒருத்தி கொலுசு போட்டு நடந்தாள். அவள் வீட்டுக் கூரை எரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஆவணியில் மகள் சோலையம்மாளுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. ராக்கம்மாள் தன் தொழிலையே தலைகீழாக்கினாள். அம்மா மண்ணில் புதைத்து வைத்துவிட்டுப் போன தண்டையை மதுரைக்குக் கொண்டுபோய், பேச்சிமுத்து ஆசாரியிடம் உருக்கிக் கம்பியாக இழுத்து வாங்கினாள். கம்பியை உள்ளே பின்னினாள், நாரை வெளியே சுற்றி முடிச்சுப் போட்டாள். பார்த்தால் வெறும் நார் மாலை.

"உள்ள கெடக்குல்ல, அது போதும்த்தா" என்றாள் மகள்.

ஆனால் பாழாய்ப்போன கைப்பழக்கம். கொடி பருக்கும் என்று ஒரு விரல் இடம் விட்டே முடிச்சுப் போட்டுப் பழகிய கை, மகளின் நகைக்கும் அப்படியே போட்டிருந்தது.

கல்யாணத்தன்று முறைக்காரர்கள் பெண்ணின் தலையில் மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். நனைந்த நார் தளர்ந்து விலகியது. உச்சி வெயிலில் கழுத்தைச் சுற்றி வெள்ளி பளிச்சென்று தெரிந்தது.

கொடிக்கால்காரர் வீட்டு ஜெயக்கொடி அப்போதுதான் வெற்றிலைக் கட்டோடு வந்து நின்றாள். அவள் கழுத்திலும் ராக்கம்மாள் செய்த அட்டிகைதான். பார்த்தவள், பின்னால் யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏ ராக்கம்மா, பிள்ளைய வெயில்ல நிறுத்து. காஞ்சா நாரு இறுகிரும். நான் ஒண்ணும் பாக்கல" என்றாள் மெதுவாக.

நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ராக்கம்மாள் ஓடிப்போய் முந்தானையால் மூடப் போனாள். மூட வாகாக, சொல்லாமலே சோலையம்மாள் குனிந்து கழுத்தைக் கொடுத்தாள்.

அந்தக் குனிவைத்தான் ராக்கம்மாளால் தாங்க முடியவில்லை. கல்யாணப் பெண் தலை குனிவது வெட்கத்தால் இருக்கலாம். இது வெட்கம் இல்லை.

"நிமிருத்தா" என்றாள்.

முந்தானையை விட்டாள். முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, நாரை முழுசாக உருவித் தரையில் போட்டாள். ஒரு முடிச்சும் சிக்கவில்லை. பிறகு ஜெயக்கொடி பக்கம் திரும்பினாள்.

"நல்லாப் பாத்துட்டே போங்க ஆத்தா. நான் செஞ்சதுலயே இதுதான் ரொம்ப நல்லா வந்துருக்கு."